குழாய் நசுங்குகிறது, கடை திறந்திருக்கிறது!

ரோடு போடும் ரோலர் ஒன்று மெல்ல உருண்டு வருகிறது. அதற்கு எதிரே தரையில் மோட்டார் சைக்கிள் சைலன்சர்கள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. எல்லாம் பளபளக்கும் குழாய்கள். போலீஸ் அதிகாரி ஒருவர் கை காட்டுகிறார். ரோலர் ஏறுகிறது. "நறநற" என்ற சத்தத்தோடு குழாய்கள் தகடாகப் போகின்றன. சுற்றி நிற்கும் கூட்டம் செல்போனில் படம் எடுக்கிறது.

விசாகப்பட்டினம், மும்பை, நாகபுரி முதலிய நகரங்களில் இந்தக் காட்சி நடந்திருக்கிறது. பத்திரிகைகளில் படமும் வந்திருக்கிறது.

படத்தைப் பார்த்த பெரியவர்கள், "நன்றாக வேண்டும்!" என்பார்கள். அது நியாயமான கோபம்தான். தூங்கவைத்த குழந்தை நடுராத்திரியில் வீரிட்டு எழுந்தால், மறுபடி தூங்கவைப்பது எவ்வளவு பாடு என்று தாய்மார்களுக்குத் தெரியும்.

ஆனால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நசுங்கிய ஒவ்வொரு குழாயும் யாரோ ஒரு வாலிபர் ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து வாங்கியது. அது முதல் மாதச் சம்பளமாக இருக்கலாம். அம்மாவிடம் கெஞ்சி வாங்கிய சீட்டுப் பணமாகவும் இருக்கலாம். குழாய் போயிற்று. பணமும் போயிற்று. அந்தக் குழாயை விற்றவர் என்ன ஆனார்? மறுநாள் காலை வழக்கம்போல் கடையைத் திறந்தார். அதே மாதிரிக் குழாய் வேறொரு வண்டியில் ஏறியது.

அப்படி அந்தக் கடைகளில் என்னதான் விற்கிறார்கள்? அதை மாட்டினால் வண்டிக்கு என்ன ஆகிறது? சட்டம் யாரைப் பிடிக்கிறது?

அன்று திருகாணி, இன்று கம்ப்யூட்டர்

1955-ம் ஆண்டு. சென்னை திருவொற்றியூரில் ராணுவத்துக்காக 'புல்லட்' மோட்டார் சைக்கிள்கள் தயாராகத் தொடங்கின. அந்த வண்டியில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் வேலையை 'கார்புரேட்டர்' என்ற ஒரு சிறு பாகம் செய்தது. வண்டி இருமினால் மெக்கானிக் பக்கத்தில் உட்காருவார். காதைக் கொடுத்துக் கேட்பார். ஒரு திருகாணியை அரைச் சுற்று திருப்புவார். சரியாகாவிட்டால் உள்ளே இருக்கும் 'ஜெட்'டை மாற்றுவார். "டப்... டப்..." என்று வண்டி சீராக மூச்சு விடும். அவ்வளவுதான் வைத்தியம்.

அந்தக் காலம் போய்விட்டது. 2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி இந்தியாவில் 'பாரத் ஸ்டேஜ் 6' என்ற புகைக் கட்டுப்பாடு அமலுக்கு வந்தது. அதன்படி ஒரு மோட்டார் சைக்கிள் ஒரு கிலோ மீட்டர் ஓடினால் வெளியே விடும் கார்பன் மோனாக்சைடு 1 கிராமைத் தாண்டக்கூடாது. அந்த அளவுக்குக் கணக்காகப் பெட்ரோலை அளந்து விட திருகாணியால் முடியாது. எனவே கார்புரேட்டர் போயிற்று. பெட்ரோலைப் பீச்சும் ஊசியும், அதற்கு உத்தரவு போடும் கம்ப்யூட்டரும் வந்தன. சீட்டுக்கு அடியிலோ பக்கத்து மூடிக்குள்ளோ இருக்கும் இந்தக் கம்ப்யூட்டர் ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. பார்த்தால் ஒன்றுமில்லாதது போல் இருக்கும். வண்டியின் மூளையே அதுதான்.

சோறு வடிக்கும் கணக்கு

இத்தனை அரிசிக்கு இத்தனை தண்ணீர் என்று வீட்டில் ஒரு கணக்கு உண்டு. தண்ணீர் குறைந்தால் அடி பிடிக்கும். கூடினால் குழையும். என்ஜினுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. எடைப்படி ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரிவதற்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும்.

இந்தக் கணக்கைக் காப்பாற்றுவதற்காக மூன்று பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் செய்யப்பட்டிருக்கின்றன.

முதலாவது, காற்றுப்பெட்டி. சீட்டுக்கு அடியில் இருக்கும் வெறும் பிளாஸ்டிக் டப்பா என்று பலர் நினைக்கிறார்கள். வெளிக்காற்றை வாங்கி, தூசியை வடிகட்டி, அலை அடங்கிய காற்றாக என்ஜினுக்குக் கொடுப்பது அதுதான். என்ஜின் காற்றை உறிஞ்சும்போது எழும் "உர்" என்ற சத்தத்தை விழுங்குவதும் அதுதான்.

இரண்டாவது, புகைக்குழாய். இதற்கு உள்ளே தடுப்புகள் உண்டு. சத்தம் அவற்றில் முட்டி முட்டிச் சோர்ந்துவிடும். குழாயில் இன்னொரு அதிசயமும் இருக்கிறது. தேன்கூடு போலக் கண் கண்ணாக ஒரு பாகம். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் மெல்லிசாகப் பூசப்பட்டிருக்கின்றன. விஷ வாயு அதன் வழியாகப் போகும்போது பெரும்பகுதி விஷம் முறிந்துவிடுகிறது. கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. எரியாத பெட்ரோல் ஆவி எரிந்துபோகிறது. இந்த உலோகப் பாகத்துக்கு 'காட்டலிடிக் கன்வர்ட்டர்' என்று பெயர்.

மூன்றாவது, கம்ப்யூட்டர். குழாயில் செருகப்பட்டிருக்கும் ஓர் உணர்கருவி, "புகையில் பிராணவாயு இவ்வளவு மிச்சம் இருக்கிறது" என்று ஓயாமல் சேதி அனுப்புகிறது. அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது.

மூன்றும் ஒரே உடம்பின் உறுப்புகள். ஆனால் கடையில் அவை தனித்தனியாக விற்கப்படுகின்றன.

"அண்ணே, வண்டி திணறுதே?"

ஒரு வாலிபர் கடைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணே, சத்தம் கணீர்னு இருக்கணும்."

"இந்தக் குழாயைப் போட்டுக்கோ தம்பி. தெருவே திரும்பிப் பார்க்கும்."

குழாய் ஏறுகிறது. கம்பெனிக் குழாய் கழன்று வீட்டுப் பரணுக்குப் போகிறது. சத்தம் பிரமாதம். ஒரு வாரம் கழித்து வாலிபர் மறுபடி வருகிறார்.

"பிக்கப் அவ்வளவா தெரியலையே அண்ணே?"

"வெளியே விட்டா போதுமா தம்பி, உள்ளே காத்து வர வேண்டாமா? பில்டரையும் மாத்திடு."

காற்றுப்பெட்டி கழற்றப்படுகிறது. அந்த இடத்தில் கூம்பு போன்ற பஞ்சு வடிகட்டி ஒன்று வெளியே தெரியும்படி மாட்டப்படுகிறது. காற்று தாராளமாக வருகிறது, உண்மைதான். ஆனால் அது என்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சூட்டுக் காற்றை உறிஞ்சுகிறது. சூடான காற்று இலேசானது. அதில் எரிவதற்கான சரக்கு குறைவு. மழை பெய்தால் தண்ணீரும், செம்மண் சாலையில் போனால் புழுதியும் அதன் மேலேயே வந்து விழுகின்றன.

இன்னும் ஒரு மாதம்.

"அண்ணே, வண்டி திணறுதே? ஆக்சிலேட்டரை விட்டா 'பட் பட்'னு வெடிக்குது. கால்ல சூடு தாங்கலை."

"கம்ப்யூட்டர்ல மேப் மாத்தணும் தம்பி. அதுக்குத் தனி சார்ஜ்."

முதல் செலவு இரண்டாவது செலவை இழுத்து வந்தது. இரண்டாவது மூன்றாவதை இழுத்து வந்தது. காரணம் பழைய சோற்றுக் கணக்குத்தான். காற்று கூடிவிட்டது, பெட்ரோல் பழைய அளவில் இருக்கிறது. கலவை வறண்டுபோகிறது. ஆக்சிலேட்டரை விடும்போது, சிலிண்டருக்குள் எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவி கொதிக்கும் குழாயில் போய் எரிகிறது. அதுதான் அந்த வெடிச் சத்தம். அதையே அழகு என்று நினைத்து, வேண்டுமென்றே அப்படி வெடிக்கும்படி கம்ப்யூட்டரை மாற்றிக் கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்!

'மேப்' மாற்றுவது என்றால், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பெட்ரோல் அளவுப் பட்டியலை அழித்துவிட்டுப் புதுப் பட்டியல் எழுதுவது. மூளையைத் தொடாமல், மூளைக்கும் பெட்ரோல் ஊசிக்கும் நடுவில் ஒரு பெட்டியைப் பொருத்தி உத்தரவைத் திரித்து அனுப்பும் வழியும் உண்டு. புகையை மோந்து பார்க்கும் உணர்கருவி இதைக் கண்டுபிடித்துப் பழையபடி திருத்திவிடும் அல்லவா? அதற்காக அதைக் கழற்றிவிட்டு, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று பொய்ச் சேதி அனுப்பும் சிறு சாதனத்தையும் மாட்டுகிறார்கள். வீட்டுக் கடிகாரத்தை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகவில்லை என்று சொல்வது போன்ற தந்திரம் இது.

கிடைத்தது என்ன?

தொழில் தெரிந்தவர் கையில் வண்டி கிடைத்து, பெட்ரோல் அளவைச் சரியாக அளந்து எழுதினால் ஓட்டம் கொஞ்சம் வழுவழுப்பாகும். கம்பெனி வண்டிகளில் புகையைக் குறைப்பதற்காகப் பல இடங்களில் பெட்ரோலைச் சிக்கனமாக விடுகிறார்கள். அதைச் சற்றுக் கூட்டினால் சூடு குறையும். வேகம் எடுப்பதும் தெரியும். இதெல்லாம் பொய் அல்ல.

ஆனால் வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் இதனால் கூடும் சக்தி சில சதவீதம்தான். சத்தம் கூடியதும் வேகமும் கூடியது போல் காதுக்குத் தோன்றிவிடுகிறது. நெரிசலான கடைத்தெருவில் முப்பது கிலோ மீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அந்தச் சில சதவீதம் எதற்கு?

பந்தயத்தில் ஓட்டுபவர் கதை வேறு. சென்னைக்கு அருகே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தனிப்பாதை அமைந்தது. கோவைக்குப் பக்கத்திலும் ஒன்று உண்டு. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்காக என்ஜினைப் பிரித்துப் போட்டு வேலை செய்யும் கெட்டிக்கார மெக்கானிக்குகள் அங்கே உருவானார்கள். அது ஒரு கலை. அந்தப் பாதையில் தூங்கும் குழந்தை இல்லை.

ஒரு வண்டி, பத்தாயிரம் பேர்

சத்தத்தை 'டெசிபல்' என்று அளக்கிறார்கள். இந்தக் கணக்கு விசித்திரமானது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் பலம் பத்து மடங்காகிறது. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றுகிறது. 2005-ம் ஆண்டில் அமலுக்கு வந்த வரம்பின்படி, கம்பெனியிலிருந்து வெளியே வரும் வண்டி 80 சி.சி. வரை 75 டெசிபல், 175 சி.சி. வரை 77, அதற்கு மேல் 80. தடுப்பை எடுத்துவிட்ட குழாய்க்கு இந்த வரம்பெல்லாம் கிடையாது.

மக்கள் குடியிருக்கும் பகுதியில் இரவு நேரத்தில் 45 டெசிபலுக்கு மேல் இரைச்சல் கூடாது என்று 2000-ம் ஆண்டு வகுத்த ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. 45 எங்கே, 80 எங்கே!

பாரிஸ் நகர வட்டாரத்தில் இரைச்சலை அளப்பதற்கென்றே 'புரூயிபாரிஃப்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. சைலன்சரைக் கெடுத்த ஒரே ஒரு ஸ்கூட்டர் இரவில் பாரிஸைக் குறுக்கே கடந்து போனால் பத்தாயிரம் பேர் வரை தூக்கம் கலையும் என்று அது கணக்கிட்டுச் சொன்னது. நம் ஊர்களில் வாசலும் தெருவும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறவர்கள் அதிகம். எத்தனை பேர் எழுந்திருப்பார்கள் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

சத்தமாவது காதுக்குத் தெரிகிறது. புகை தெரிவதில்லை. விஷ முறிவுப் பாகத்தோடு சேர்த்துக் குழாயைக் கழற்றினால், கார்பன் மோனாக்சைடு அப்படியே வெளியே வருகிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. சிக்னலில் பின்னால் நிற்கும் வண்டியில் முன்பக்கம் உட்கார்ந்திருக்கும் சிறு பையன்தான் அதை முதலில் சுவாசிக்கிறான்.

"என் பணம், என் வண்டி!"

"காசு கொடுத்து வாங்கியவன் நான். என் இஷ்டப்படி மாற்றினால் என்ன?" என்று கேட்கலாம். இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. கேரளத்திலிருந்து வந்த வழக்கு அது. 2019-ம் ஆண்டு ஜனவரியில் தீர்ப்பு வந்தது. கம்பெனி ஆதியில் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று கோர்ட்டு கூறியது.

அதே ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டமும் திருத்தப்பட்டது. சட்டம் அனுமதிக்காத முறையில் வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஒரு மாற்றத்துக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று திருத்தம் விதித்தது. குழாய் ஒன்று, வடிகட்டி ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று என்று எண்ணினால் கணக்கு எங்கே போகும்? சத்தம், புகை வரம்புகளை மீறி ஓட்டினால் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பும் தனி.

2021-ம் ஆண்டு ஜூலையில் அலகாபாத் ஐகோர்ட்டின் லக்னோ அமர்வு, யாரும் மனுப் போடாமலே, சைலன்சர் இரைச்சலைத் தானாக விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இத்தனையும் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் வலை யார் மேல் விழுகிறது? ரோட்டில் போகிறவர் மேல். அவரைப் பிடிப்பது சுலபம். சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். வண்டி விற்பனையாளர் சட்டத்துக்கு மாறாக வண்டியை மாற்றினால் ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்றும் அதே திருத்தத்தில் எழுதியிருக்கிறது. குழாய் மட்டும் விற்கிற கடைக்காரரோ, "நான் வண்டி விற்பனையாளர் இல்லையே!" என்பார். "பந்தயத்துக்கு மட்டும்" என்று பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். வாங்குகிறவர் பந்தயப் பாதையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். இது இருவருக்கும் தெரியும். சில ஊர்களில் போலீசார் கடைக்காரர்களையும் மெக்கானிக்குகளையும் கூப்பிட்டு எச்சரித்திருக்கிறார்கள். எச்சரிக்கை வேறு, ரோலர் வேறு.

அமெரிக்காவில் விற்றவர் மாட்டினார்

அமெரிக்காவில் இதே "பந்தயத்துக்கு மட்டும்" என்ற பேச்சு எடுபடவில்லை.

ஹார்லி டேவிட்சன் உலகப் புகழ் பெற்ற மோட்டார் சைக்கிள் கம்பெனி. கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றும் 'சூப்பர் டியூனர்' என்ற சிறு சாதனத்தையும் அது தன் விற்பனை நிலையங்கள் மூலம் விற்றது. 2008-ம் ஆண்டு முதல் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் சாதனங்கள் விற்பனையாகியிருந்தன. இவற்றை மாட்டினால் புகை வரம்பை மீறுகிறது என்று அந்நாட்டுச் சர்க்கார் வழக்குப் போட்டது. "பந்தயத்துக்காக விற்றோம், சட்டப்படிதான் விற்றோம்" என்றது கம்பெனி. இத்தனை லட்சம் பேருமா பந்தயம் ஓட்டினார்கள்?

2016-ம் ஆண்டு ஆகஸ்டில் சமரசம் ஏற்பட்டது. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 1 கோடியே 20 லட்சம் டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. அன்றைய மதிப்பில் அது சுமார் 80 கோடி ரூபாய். விற்பனையை நிறுத்தவும், விற்பனை நிலையங்களில் இருந்த சாதனங்களைத் திரும்ப வாங்கி அழிக்கவும் அது ஒத்துக்கொண்டது. அதாவது, ரோலர் அங்கே கடைக்குள் போயிற்று!

அத்தோடு கதவை இழுத்து மூடிவிடவில்லை. இனி அப்படிப்பட்ட சாதனத்தை விற்பதானால், புகை கூடாது என்று கலிபோர்னியா காற்று வாரியத்திடம் நிரூபித்துச் சான்று வாங்கி விற்கலாம் என்றது ஒப்பந்தம். ஐரோப்பாவிலும் இதுபோல் ஒரு வழி உண்டு. கம்பெனி அல்லாத பிறர் செய்யும் சைலன்சரையும் சோதித்துப் பார்க்கிறார்கள். சத்தம் வரம்புக்குள் இருந்தால் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் நம்பரும் குழாயிலேயே பொறிக்கப்படும். போலீஸ்காரர் குனிந்து பார்த்தால் போதும். நல்ல குழாயா, கள்ளக் குழாயா என்று தெரிந்துவிடும்.

இந்தியாவில் காஸ் 'கிட்' பொருத்துவதற்கு அங்கீகார முறை இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கிட்டை மாட்டி, பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம். அதே கண்டிப்பும் அதே வழியும் சைலன்சர் கடைக்கும் வந்தால், ஆசைப்படும் வாலிபர் நல்ல சரக்கைத் தேடி வாங்குவார். திருட்டுச் சரக்கு விற்பவர் வெளிச்சத்துக்கு வருவார். அதுவரை தண்டனை முழுவதும் ஏமாந்தவர் தலையில்தான்.

புகைச் சோதனைச் சான்றிதழ் போதாதா என்றால், போதாது. அந்த நிலையத்தில் வண்டியை நிறுத்திவைத்துச் சும்மா ஓடவிட்டுப் புகையை அளக்கிறார்கள். சத்தத்தை அளப்பதில்லை.

வீட்டில் பெரியவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கம்ப்யூட்டரில் கை வைத்த வண்டி என்ஜின் கோளாறோடு சர்வீசுக்குப் போனால், வாரண்டியைக் காட்ட முடியாமல் போகலாம். விபத்து நேர்ந்தால், "வண்டியை மாற்றியதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை?" என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கலாம்.

மாற்றிய வண்டியைத் திருப்பிவிட விரும்புகிறவர்களுக்குக் குழாய் ஒரு பெரிய காரியம் அல்ல. பரணில் கிடக்கும் பழையதை எடுத்துத் துடைத்து மாட்டினால் போதும். அதைப் பழைய இரும்புக்குப் போடாமல் இருந்திருக்க வேண்டும். காற்றுப்பெட்டியும் அப்படித்தான். கம்ப்யூட்டர்தான் சிக்கல். பழைய கணக்கை அழிக்கும் முன்பு கடைக்காரர் நகல் எடுத்து வைத்திருந்தால் அவரே அதை மறுபடி ஏற்றிவிடலாம். நகல் இல்லாவிட்டால் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கும் தனி சார்ஜ் உண்டு.